ஆம்ப்ளிஃபயருக்கு உரிமம் வேண்டுமா?

விதி இதுதான். காற்றில் வரும் ஒலிபரப்பை வாங்கும் கருவி எவரிடம் இருக்கிறதோ, அவர் அதற்கு உரிமம் எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் எழும் ஒலியைப் பெரிதாக்கிக் கொடுப்பதோடு நின்றுவிடும் கருவிக்கு உரிமம் வேண்டாம். இரண்டே வாக்கியம். எங்கள் அப்பாவுக்கு முதல் வாக்கியம் மனப்பாடம். இரண்டாவது வாக்கியம் இருந்த பக்கம் அவரிடமிருந்த பழைய கையேட்டில் கிழிந்துபோயிருந்தது. ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நாட்டில் பாதிக் கோப்புகள் அடுத்த பக்கம் கிழிந்ததால் உண்டானவை.

அந்த உரிமப் புத்தகம் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. ரேடியோவுக்குக் கீழே, சலவைத் துணிக்கணக்கு நோட்டோடு சேர்ந்து கிடக்கும். வருடா வருடம் தபால் ஆபீஸ் வரிசையில் நின்று அதில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டு வரவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வருடம் அது விட்டுப்போயிற்று. சோதனைக்கு வந்தவர் ரேடியோவைத் தெருவில் ஒரு முக்காலி மேல் வைத்து, அப்பாவின் பெயரை உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. ரேடியோவை எடுத்துக்கொண்டு போனார். அபராதம் கட்டினால் திரும்பக் கிடைத்திருக்கும். அப்பா அந்த அலுவலகப் படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. அம்மா ரேடியோ இருந்த பலகையில் ஊறுகாய் ஜாடியை வைத்தாள்.

அப்பா கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் டெஸ்பாட்ச் கிளார்க். நேரில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுத்தில் அப்பா என்றே எழுதுகிறேன், அவருக்கும் அதுதான் பிடிக்கும். அம்மா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்டு. ரேடியோவுக்குள் போகும் பலகைகளில் ஈயம் வைக்கும் வரிசையில் அவளுக்கு ஒரு ஸ்டூல். ஒரு பலகைக்கு ஆறு புள்ளி; எட்டு வருடமாக அதே ஆறு புள்ளி. அந்த ஆறும் என்ன செய்கின்றன என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. ஆனால் ஈயத்தைப் பார்த்தால் போதும், அது பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம் இந்தக் கதை தொடங்குகிறது. எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. வீட்டுக்காரர் ரயில் டிரைவர். ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டில், மேஜை, இறைச்சி வெட்டும் கட்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் மிஞ்சியது. அம்மா தன் போனஸில் அதை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தாள். கிட்டாரோடு கொசுறாக வந்தது அந்தப் பெட்டி.

“எடுத்துட்டுப் போ மேன், அது செத்துப் போச்சு. கப்பல்ல ஏத்தினா அதுக்கும் டிக்கெட் கேப்பான்” என்றாள் டிரைவர் வீட்டு ஆன்ட்டி.

ஆம்ப்ளிஃபயர். சாம்பல் நிற ரெக்சின் ஒட்டிய மரப்பெட்டி. முன்பக்கம் வெள்ளி இழை ஓடும் துணி. மேலே நான்கு குமிழ். நான்காவது குமிழ் தொலைந்து, அந்த இடத்தில் ஒரு பற்பசை மூடி மாட்டியிருந்தது. மோந்து பார்த்தால் நாப்தலின் உருண்டையும் பழைய பீரும் கலந்த வாசனை. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவைக் கடந்தோம். நடுத்தெருவில் அக்கா நின்றாள்.

“வலிக்குதா?” என்றேன்.

“இல்லடி. சிரிப்பு வருது.”

அவள் ஏன் சிரித்தாள் என்று சொல்ல முந்தைய வருடத்தைச் சொல்லவேண்டும். மாதா திருவிழாவில் கோவில் மைதானத்துக் கலைநிகழ்ச்சி. ஆர்மோனியம், தபேலா, இரண்டு வயலின், பதினைந்து குரல். ஓரத்தில் இரவல் மரக் கிட்டாரோடு அக்கா. இரண்டு மணி நேரம் விரல் தேய வாசித்தாள். ஒரு சுரம்கூட யாருக்கும் கேட்கவில்லை. இறங்கி வந்தபோது முன்வரிசையில் இருந்த காசிமேட்டு மீன்கார அம்மா ஒருத்தி நிஜமான அக்கறையோடு கேட்டாள்: “ஏம்மா, நீ போட்டோவுக்கா அதப் புச்சிகினு நின்ன?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்தப் பச்சைப் புடவையை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தவள் பிறகு அதைக் கட்டவே இல்லை.

இந்த வருடம் அவள் வாசிப்பது கேட்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஆர்மோனிய மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

“கொடியேத்தத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒத்திகை. அதுல அந்தப் பொட்டி வேலை செஞ்சா மேடை. இல்லேன்னா கோரஸ்ல நில்லு” என்றார் மாஸ்டர்.

*

பெட்டியைத் திறந்தது அம்மா. ஷிப்டு முடிந்து வந்து, முகம் கழுவி, தரையில் பழைய புடவையை விரித்து அதன்மேல் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தாள். தொழிற்சாலையிலிருந்து ஓர் ஊசியைக்கூட வெளியே கொண்டுவர முடியாது, கேட்டில் தடவிப் பார்ப்பார்கள். ஆகவே தகரம் ஒட்டுகிறவரிடம் ஈயம் உருக்கச் செப்பு முனை வைத்த கட்டையை இரவல் வாங்கி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காய்ச்சிக்கொண்டாள்.

உள்ளே ஓர் உலகம். மூடியின் உட்புறம் காப்பிக் கறை படிந்த காகிதத்தில் கோடுகோடாகப் படம். பலகை முழுக்கக் கடல்காற்றின் வெள்ளைப் பூ. எலி கடித்த ஒயர். ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டித் தங்கத்தாள் சுருட்டி வைத்திருந்தது. டிரைவர் மாமாவின் வைத்தியம். கோடியில் ஒரு தகட்டின் மேல், குல்லாய் போட்ட மாதிரி இரண்டு உலோகப் பொத்தான்கள்.

“வால்வு எங்கம்மா?” என்றேன். ரேடியோவுக்குள் ஆரஞ்சு வெளிச்சம் பார்த்து வளர்ந்தவள் நான்.

“இதுல வால்வு கெடையாது. அந்த டிரான்சிஸ்டர் குல்லாதான் எல்லாம்.”

வண்ணாரப்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருந்த பாய் வந்து எட்டிப்பார்த்தார். எங்கள் கோவில் திருவிழாவுக்கு வருடா வருடம் ஒலிபெருக்கி அவருடையதுதான். தர்கா உரூஸ், எங்கள் மாதா, மாரியம்மன் ஆடி, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே குழாய், அதே வயர். வால்வு இல்லாத செட்டை அவர் செட்டாகவே மதிப்பதில்லை.

“தங்கச்சி, இது பேஜாரு புடிச்ச சரக்கு. சூடே ஆவாத செட்டு, உசுரு இல்லாத மன்சன்.”

“உசுரு வந்தா இன்னா தருவீங்க பாய்?”

“வந்தா என் கடைப் பையன் மாதிரி உன் பொண்ணு பின்னால பேட்டரி தூக்கினு வரேன்.”

சொன்னாரே தவிர, உப்பிப்போயிருந்த பெரிய கண்டன்சருக்குப் பதில் ஒன்றை மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மாவின் முறை எளிமையானது. படத்தை அவள் பார்க்கவே இல்லை. டார்ச் அடித்து ஒவ்வோர் ஈயப் புள்ளியாகப் பார்த்தாள். “நல்ல ஈயம் காலைல வந்த மீன் கண்ணு மாதிரி பளிச்சுன்னு இருக்கும். செத்த ஈயம் சாயங்கால மீனு.” நான் டார்ச் பிடித்தேன், அக்கா எண்ணினாள். “இது காலை. இதுவும் காலை. தோ, இது சாயங்காலம்.” சாயங்கால மீன்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி, புது ஈயம் வைத்தாள். ஈயத்தோடு உருகிய ரோசனப் பிசினின் புகை மேலே சுருண்டபோது வீடு கோவில் மாதிரி மணந்தது. அவள் கை ஆடவே இல்லை. எட்டு வருடமாக மணிக்கு இத்தனை பலகை என்று விரட்டப்பட்ட கை, அன்று யாரும் விரட்டாமல் வேலை செய்தது. அம்மா அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

கிட்டார் ஒயர் சொருகும் துளைக்குப் பின்னால் மட்டும் ஒரு புள்ளியில் பாசி மாதிரிப் பச்சை பிடித்திருந்தது. அதன்மேல் டார்ச் விழுந்தபோது அம்மா ஒரு கணம் பார்த்தாள். “அத்த அப்பால பாத்துக்கலாம்” என்று மூடியைப் போட்டுவிட்டாள்.

அப்பா ஆபீசிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ப்ளக்கைச் சொருகினோம். பற்பசை மூடிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது. அக்கா கிட்டாரைத் தோளில் மாட்டி, கீழ்க் கம்பியை ஒரே ஒரு தடவை தட்டினாள்.

அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கால் கூசும். தரை அதிர்ந்தது. பலகையில் ஊறுகாய் ஜாடி மூடி கிணுகிணுத்தது. அடுத்த வீட்டுக் குழந்தை அழுகையை நிறுத்தியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள், நான் பொத்தாமல் கத்தினேன்.

சத்தம் அடங்கியதும், பெட்டிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் நிதானமாகச் சொன்னது: “நிலக்கடலை விதைத்த நாற்பதாம் நாள் மண் அணைப்பது அவசியம்.”

குரல் மேலே பேசியது. ஊடுபயிராக என்ன போடலாம் என்று சொன்னது. அதன் அடியில், துறைமுகத்தில் ஏதோ கப்பல் கிட்டுகிட்டென்று தந்தி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஒரு செம்பருத்திச் செடி வைக்கக்கூட மண் கிடையாது.

அப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். “யாரு பேசறது?”

“உழவர் நிகழ்ச்சி” என்றாள் அம்மா. அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதன் அர்த்தம் அப்போது தெரியவில்லை.

“அப்போ இது ரேடியோ.”

“இல்ல நைனா, கிட்டார் ஆம்ப்ளிஃபயரு” என்றாள் அக்கா.

“நிலக்கடலை இன்னா கிட்டார்ல வெளையுதா? காத்துல வர்றத வாங்குது. வாங்கினா லைசன்ஸ் வேணும்.” எழுந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கினார். கையில் ப்ளக்கை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “எழுதிக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் இந்தப் ப்ளக்க எவனும் எந்தச் சுவத்துலயும் சொருகக் கூடாது.”

*

அன்று மாலையே கார்பன் தாள் வைத்து எழுதினார். பொருள்: கிட்டார் ஒலிபெருக்கி – தானாக வானொலி கேட்பது – உரிமம் தேவையா – விளக்கம் கோருதல். இப்படி ஒரு பொருள் வரியை என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்ததில்லை. தேவையில்லை என்று இரண்டு வரியில் பதில் போடவேண்டிய கடிதம். ஆனால் அவர் தவறான அலுவலகத்துக்கு அனுப்பினார். அது எது என்று எழுதமாட்டேன், நானும் ஓய்வூதியம் வாங்குகிறவள். தவறான அலுவலகத்துக்கு வரும் கடிதத்தைச் சரியான அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. அதற்கு முதலில் எது சரியான அலுவலகம் என்று இன்னோர் அலுவலகத்தைக் கேட்கவேண்டும்.

தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அக்கா வாசலில் நிற்பாள். “உனுக்கு இன்னாம்மா, லவ் லெட்டரா?” என்பார். “ஆமா, சர்க்காரோட” என்பாள் அக்கா. ஜூலை போயிற்று. ஆகஸ்ட் பிறந்தது.

ஒரு மத்தியானம் பள்ளியில் யாரோ பெரியவர் இறந்துவிட்டார் என்று பாதியில் விட்டார்கள். அக்கா டைப்ரைட்டிங் வகுப்பில் இருக்கும் நேரம். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மெல்லிசாக ஒரு பெண் குரல் பாடிக்கொண்டிருந்தது. தள்ளித் திறந்தேன். அம்மா நெத்திலி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பெட்டி, சிவப்புப் பொட்டு எரிகிறது. கிட்டார் ஒயரின் மறுமுனை கடல் பக்கத்து ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தது. பாட்டு கரகரவென்று வந்தது, நடுவில் கப்பல்காரன் கிட்டுகிட்டு அடித்தான். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே ஆய்ந்தாள்.

என்னைப் பார்த்ததும் ஈரக்கையாலேயே குமிழைத் திருப்பினாள்.

“நைனாகிட்ட சொல்லிடாத.”

“தெனமும் கேக்கறியா?”

“ஷிப்டு முட்ஞ்சி வந்து ஒரு மணி நேரம். அக்காகிட்டயும் சொல்லாத.”

எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் ரகசியம் கிடைத்த குதூகலம்தான். யோசித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்தப் பச்சைப் புள்ளிதான் வானொலியை உள்ளே விடுகிறது என்பது அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. உப்புக்காற்றில் அரித்துப்போன ஒட்டு சில சமயம் ரேடியோ மாதிரியே வேலை செய்யும் என்று அவள் வரிசையில் சூப்பர்வைசர் திட்டித் திட்டிச் சொல்லியிருப்பார். சுரண்டி ஈயம் வைத்தால் ஐந்து நிமிடத்தில் நிலக்கடலையும் போகும், அப்பாவின் வாதமும் போகும். அவள் அதைச் செய்யவில்லை.

ஒத்திகைக்குப் பத்து நாள் இருந்தபோது அக்கா உடைந்தாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, “கோரஸ்லயே நிக்கறேன் வுடு. வாயைத் தொறந்து தொறந்து மூடறேன். போட்டோவாவது நல்லா வரும்” என்றாள்.

அம்மா எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். செப்புக் கட்டை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, பிளேடால் பச்சையைச் சுரண்டி, ஒரே ஒரு பொட்டு ஈயம் வைத்தாள். காலை மீன் கண். டார்ச் பிடித்த எனக்குத்தான் தெரியும் அவள் என்ன செய்கிறாள் என்று. எனக்கு முழுதாகத் தெரியவில்லை என்பது இப்போது தெரிகிறது.

“இனிமே பேசாது” என்றாள் அப்பாவிடம்.

அப்பா யோசித்தார். அவர் கண்ணில் நிம்மதி தெரிந்தது. ஆனால் நடைமுறை? “கேள்வி போயிடுச்சே. பதில் வராம நானா எப்படி முடிக்கறது? தெரிவிக்கறேன்.” இரண்டாவது கடிதம் எழுதினார். பொருள்: மேற்படி ஒலிபெருக்கி – வானொலி கேட்பது நின்றுவிட்டது – தெரிவித்தல். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. ஒரே பொருளில் இரண்டு கடிதம் போனால், இரண்டையும் சேர்த்துக் கட்டும்வரை எதற்கும் பதில் வராது. இதை நான் சொன்னால் என்னை நம்பலாம். என் பணிக்காலத்தில் அப்படி எத்தனையோ கட்டியவள் நான்.

*

வழி கண்டுபிடித்தவள் அம்மாதான். “நைனா இன்னா சொன்னாரு? எந்தச் சுவத்துலயும் சொருகக் கூடாதுன்னாரு. பேட்டரிக்கு ஏது சுவரு?”

தேர்தல் காலத்தில் ரிக்‌ஷாவில் குழாய் கட்டிப் போகும்போது பாய் மோட்டார் பேட்டரியில்தான் செட்டை ஓட்டுவார். வால்வு இல்லாத பெட்டிக்கு அது இன்னும் சுலபம்; இரண்டு பேட்டரியை வரிசையாகக் கோத்தால் போதும். ஒரு புதன்கிழமை மாலை மூன்று சக்கர வண்டியில் பேட்டரிகளோடு வந்து இறங்கினார்.

“சொன்ன சொல்லு தப்ப மாட்டேன். தோ, தூக்கினு வந்துட்டேன்.”

டிரான்ஸ்ஃபார்மரையும் ஃப்யூஸையும் தாண்டி நேராக உள்ளே இரண்டு ஒயர் எடுத்தார்கள். பாய் சிவப்பு ஒயரை உள்ளே கொடுத்தார். கறுப்பு ஒயரை, இருபது வருடப் பழக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் தகரச் சட்டத்தில் மாட்டினார். மைனஸ் எப்போதும் தகரத்துக்குத்தான். காரில் அப்படி, லாரியில் அப்படி, காசிமேட்டு விசைப்படகில் அப்படி.

பொட்டென்று ஒரு சத்தம். குல்லாய் ஒன்றிலிருந்து நூல் மாதிரிப் புகை. செதிலைச் சுட்ட நாற்றம்.

பாய் ஒயரைப் பிடுங்கினார். “யா அல்லா. தங்கச்சி, நான் இன்னா பண்ட்டேன்?”

அக்கா கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். ரொம்ப மெதுவாகச் சாய்த்தாள். அழுதிருந்தால் எங்களுக்குத் தேவலாமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். பேட்டரி, புகை, சுவர் மூன்றையும் பார்த்தார். முதல் கேள்வி: “சுவத்துல சொருகலையே?”

“இல்ல” என்றாள் அம்மா.

“அப்போ சரி.” செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குனிந்தார். மூடியின் உட்புறத்துக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மருந்துப் புட்டி, பஸ் டிக்கெட்டின் பின்புறம், கப்பல் சரக்கு ரசீதின் பொடி எழுத்து எதையும் படிக்காமல் விடாத மனிதர். காப்பிக் கறைக்கு அடியில் கடைசி வரியில் விரலை வைத்தார். ஆங்கிலத்தில் கொசு அளவு எழுத்து.

“இந்தச் செட்டுல தகரத்துக்கு ப்ளஸ்ஸு. எழுதி வெச்சிக்கீறான். ஒருத்தரும் படிக்க மாட்டீங்களா?”

பாய் தலையில் அடித்துக்கொண்டார். “தலகீழா பொறந்த சனியன் சார் இது! எவன் சார் ப்ளஸ்ஸ தகரத்துல குடுப்பான்?”

“குடுத்திருக்கான். குடுக்கறதுக்கு முன்னாடி எழுதியும் வெச்சிருக்கான்” என்றார் அப்பா. அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை. இந்த வீட்டில் முதல் தடவையாகப் பொடி எழுத்து ஜெயித்த சந்தோஷம்.

சனிக்கிழமை அம்மா ஷிப்டுக்கு லீவு போட்டாள். நானும் அவளும் ரேடியோ சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம். கருகிய குல்லாயை அவள் கர்ச்சீப்பில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். மூன்று கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காவது கடைக்காரர் அதை விளக்கில் திருப்பிப் பார்த்தார்.

“இதே நம்பர் இல்லம்மா. ஒத்துப்போறது கீது. ஆனா ஜோடியாத்தான் குடுப்பேன்.”

“ஒண்ணுதானே போச்சு?”

“ஒண்ண மட்டும் மாத்தினா பழசு புதுச இஸ்துகினு பூடும். புருசன் பொண்டாட்டி மாதிரி, ரெண்டும் ஒரே அளவு சூடாவணும்.”

“அந்த மாதிரி ஜோடி உங்க கடைல கெடைக்குதா? எங்கயும் கெடைக்காதுன்னுல்ல நெனச்சேன்” என்றாள் அம்மா. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, குல்லாய்க்கு அடியில் வைக்கும் மைக்கா எனும் அப்ரகத் தகடு இரண்டைக் காகிதத்தில் மடித்துச் சும்மா கொடுத்தார். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அந்தத் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஈ இறக்கையைவிட மெலிசு. அதன் வழியே பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தேன் நிறத்தில் தெரிந்தன.

சாயங்காலத்துக்குள் மாட்டியாயிற்று. இந்தத் தடவை பாய் ஒரு லாரி ஹெட்லைட் பல்பை நடுவில் கோத்தார். தப்பு இருந்தால் பல்பு முழுசாக எரியும், செட்டு பிழைக்கும். சரியாக இருந்தால் மினுக்கென்று எரிந்து அடங்கும். சிவப்பு ஒயரைத் தகரத்தில் மாட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு வாயில் ஏதோ ஓதினார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா காகிதத்தின் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார்.

பல்பு மினுக்கென்றது. அடங்கியது.

“இப்ப தட்டு” என்றாள் அம்மா.

அக்கா தட்டினாள். ஜாடி மூடி கிணுகிணுத்தது. பின்னாலேயே காத்திருந்தோம். நிலக்கடலை வரவில்லை, கப்பல்காரன் வரவில்லை, யாரும் வரவில்லை. கம்பியின் சத்தம் மட்டும் நீண்டு, தானாக அடங்கியது. பாய் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

*

ஞாயிறு இரண்டாவது பூசை முடிந்ததும் ஒத்திகை. பாய் பேட்டரியோடு, நாங்கள் பெட்டியோடு. ஆர்மோனிய மாஸ்டர் வணக்கப் பாட்டை எடுத்தார். அக்கா இரண்டாவது அடியில் நுழைந்தாள். ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறாக்கள் ஒரே சமயத்தில் கிளம்பின. தபேலாக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். மாஸ்டர் காதை மூடிக்கொண்டு கத்தினார்:

“கொஞ்சம் கொறைம்மா! கொறை!”

அக்கா குமிழைத் தொட்டாள். எங்கள் பக்கம் திரும்பினாள். அவளைச் சத்தம் குறைக்கச் சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அந்த முகத்துக்கு நிகராக ஒன்றை நான் அப்புறம் பார்த்தது என் பேரன் சைக்கிளில் கையை விட்டு ஓட்டியபோதுதான்.

திருவிழா அன்று சாயங்காலம் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பச்சைப் புடவை வந்தது. மைதானம் நிறைந்து மதில்மேலும் ஆள். மேடையின் ஓரத்தில், பேட்டரிகளுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையில் அப்பா. நிகழ்ச்சி முடியும்வரை அவர் உட்காரவில்லை. பேட்டரிக்குக் காவலாக நிற்கிறார் என்று நினைத்தேன். நடுவில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது சட்டைப் பையில் இரண்டு கார்பன் நகல் மடித்திருந்தது தெரிந்தது.

“எதுக்கு நைனா?”

“எவனாவது வந்து கேட்டா காட்டணுமில்ல? நாம கேட்டுட்டோம். பதில் போடாதது அவன் தப்பு. பொண்ண எறக்க முடியாது.”

நாங்கள் எல்லோரும் அவரைச் சோதனைக்காரருக்குப் பயந்தவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பயந்தவர்தான். அந்தப் பயத்தோடு மேடைக்கும் மைதானத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் நின்றார்.

அக்கா வாசித்தாள். தனியாக ஒரு நிமிடம் வரும் இடத்தில் கோரஸ் நின்றது, ஆர்மோனியம் நின்றது. சிவப்புக் கிட்டார் மட்டும் பாடியது. கடல்காற்று அதைத் தூக்கிக்கொண்டு ரயில்வே யார்டு வரைக்கும் போனது. முன்வரிசையில் அந்தக் காசிமேட்டு அம்மா விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். சாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

*

அப்பா தன் உத்தரவை மாற்றவில்லை. அந்த வருடம் முழுவதும் பெட்டி பேட்டரியில்தான் ஓடியது. கிறிஸ்துமஸ் கேரல், ஏழு கல்யாணம், எர்ணாவூரில் ஒரு நாடகம் என்று பாயும் அக்காவும் சேர்ந்தே சுற்றினார்கள். மத்தியானங்களில் எங்கள் வீடு அமைதியாக இருந்தது.

மறு வருடம் ஒரு நாள் பழுப்பு உறை வந்தது. அப்பா நின்றுகொண்டே உரக்கப் படித்தார். தங்கள் இரு கடிதங்களும் சேர்த்துப் பரிசீலிக்கப்பட்டன. தங்கள் கருவி தற்போது ஒலிபரப்பை வாங்கவில்லை எனத் தெரிவித்துள்ளதால், உரிமம் பற்றிய கேள்வி இப்போது எழவில்லை. பழுது நீக்கியபின் விண்ணப்பிக்கவும்.

அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். போய், தன் கையாலேயே ப்ளக்கை எடுத்துச் சுவரில் சொருகினார். சிவப்புப் பொட்டு எரிந்தது. அப்புறம் அடுப்படி வாசலில் நின்று, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்:

“பழுது பாக்கச் சொல்லிக்கீறான். திரும்பப் பேச வெச்சா லைசன்ஸு எடுத்துடலாம். மத்தியானத்துல நீ கேட்டுகினு இருந்தியே.”

அவருக்கு அது தெரியும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. அம்மா அடுப்பைத் தணித்தாள்.

“வேணாம். அது பேசினா இவ வாசிக்கறது ஒயுங்கா கேக்காது.” அக்கா பக்கம் திரும்பினாள். “இன்னாடி சிரிச்சிகினு குந்திகினு கீற? எட்த்து வாசி. நாளைக்குக் கொடியேத்தம்.”

அன்று தேதி ஆகஸ்ட் இருபத்தெட்டு.